அதிர்ஷ்டக் கண்

என் மகளின் இடது கண் வெளிப்பக்கமாக விலகுகிறது என்று நான் முதலில் சொன்னபோது என் மாமியார் சந்தோஷப்பட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"லேசா மாறுகண் இருந்தா அதிர்ஷ்டம்மா. எங்க சின்ன மாமாவுக்கு இருந்துச்சு. அவருதானே டவுன்ல மொதல்ல கடை போட்டாரு. நீ என்னமோ நோவு வந்த மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு சொல்ற."

அடுத்த நாளே அது ஊர்ச் செய்தியாகிவிட்டது. இரத்தோட்டையில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் குழந்தையின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா வாசலிலிருந்தே, "எங்க, நம்ம லொத்தர் சீட்ட காட்டு பாப்போம்!" என்று சத்தம் போட்டுச் சிரிப்பார். நானும் சிரித்தேன். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். உள்ளே வந்து பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினேன்.

மகளுக்கு அப்போது ஒரு வயது தாண்டியிருந்தது. கண் எப்போதும் விலகி இருக்காது. காலையில் நேராக இருக்கும். அவள் களைத்துப்போய், தூரத்தில் எதையாவது வெறித்துக்கொண்டிருக்கும்போது, இடது கண் மட்டும் மெல்ல வெளியே நழுவும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பி வந்துவிடும். பார்த்தேனா, பார்த்ததாக நினைத்தேனா என்று எனக்கே குழப்பமாக இருக்கும்.

"நெட்ல கண்டதையும் படிச்சிட்டு பயப்படாத" என்றார் கணவர். "நீ பயந்து பயந்தே புள்ளைக்கு எதையாவது வரவச்சிடுவ."

அவருக்கு மாத்தளையில் ஒரு கந்தோரில் மேசை வேலை. சனி, ஞாயிறில் கல்யாணப் படம் எடுப்பார். முகங்களைப் பார்த்துப் பழகிய மனிதர் ஒன்றுமில்லை என்கிறார். படித்தவள்தானே நீ, ஏன் இப்படி அலைகிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அப்படியும் மனம் கேட்கவில்லை. மாத்தளையில் ஒரு கண் டொக்டரிடம் மகளைக் கொண்டுபோனேன். மாமியாரும் கூட வந்தார். டொக்டர் அம்மா கையில் இருந்த சின்ன விளக்கை மகள் இமை கொட்டாமல் பார்த்தாள். இரண்டு கண்ணும் அவ்வளவு நேராக இருந்தன. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"இப்ப நேராத்தான் இருக்கு" என்றார் டொக்டர். "சில பிள்ளைங்களுக்குக் களைச்சாத்தான் விலகும். அப்படி விலகுற நேரம் ஒரு படம் எடுத்துட்டு வாங்க. முகம் நேரா இருக்கணும், பார்வை தூரத்துல இருக்கணும்."

பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை மாமியார் பக்கத்து ஆசனத்துக்காரியிடம், "டொக்டரே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போனில் எடுத்துப் பார்த்தேன். போனைக் கண்டதும் மகள் தவழ்ந்து வந்து பிடுங்குவாள். கிட்டத்தில் பார்த்ததும் கண் நேராகிவிடும். எட்ட நின்று, மறைத்துப் பிடித்து எடுத்தவையெல்லாம் மங்கல். ஒரு மூக்கு, ஒரு ஆடிய கை, அவ்வளவுதான் கிடைத்தது.

பிறகுதான் கணவரின் பழைய கமரா நினைவுக்கு வந்தது. அதன் பொத்தானின் நடுவில் சின்னத் துளை ஒன்று உண்டு. அதில் ஒரு கேபிளைத் திருகலாம். அருவிகளை எடுப்பதற்காக அவர் ஒரு காலத்தில் வாங்கியது. அதற்குப் பற்றரி கிடையாது. துணி சுற்றிய மெல்லிய குழாய், அதற்குள் ஒரு கம்பி, கைப்பக்கத்தில் ஊசி போடும் குழாயின் தண்டு மாதிரி ஒன்று. பெருவிரலால் அந்தத் தண்டைத் தள்ளினால் மற்ற முனையிலிருந்து ஒரு சின்ன ஆணி நீண்டு பொத்தானை அழுத்தும். கை கமராவில் படாததால் படம் ஆடாது. மாலை மங்கிய வெளிச்சத்துக்கு அதுதான் வேண்டியிருந்தது.

கேட்டுத்தான் எடுத்தேன். "ஸ்டாண்டு கால ஒடச்சிடாத" என்றார், போனிலிருந்து நிமிராமல்.

வாசலுக்கு நேரே பாய் விரித்து மகளை உட்காரவைத்தேன். கமரா வாசலுக்கு வெளியே, ஸ்டாண்டில், அவளுடைய பார்வைக்குச் சற்றுத் தாழ. அதற்கு மேலாகப் பார்த்தால் கீழே பஸ் திரும்பும் வளைவு தெரியும். பஸ் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கும். நான் கமராவுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, கேபிள் பிடித்த கையை மடியில் கிடந்த துவாய்த் துணிக்கு அடியில் மறைத்துக்கொண்டேன்.

முதல் நாள் கேபிளைச் சரியாகத் திருகாததால் தண்டைத் தள்ளியும் சத்தமே வரவில்லை. அடுத்த நாள் பாதியோடு நிறுத்திவிட்டேன். பாதி தள்ளினால் கமரா குறி மட்டும் பார்க்கும், படம் எடுக்காது என்று அதன் பிறகுதான் விளங்கியது. இன்னொரு நாள், கண் விலகத் தொடங்கிய அதே நொடியில் மாமியார் பின்னால் வந்து நின்றார்.

"புள்ளைக்கு சோறூட்டுற நேரத்துல இங்க என்ன ஷூட்டிங்?"

மகள் திரும்பினாள். கண் நேரானது. "இதோ, அத்தை" என்று எழுந்துபோய்ச் சோறு பிசைந்தேன். பிசைந்த சோறு கூழாகிவிட்டது.

மாமியார் கோயிலுக்குப் போன ஒரு மாலையில்தான் அகப்பட்டது. மகள் பகலில் தூங்கியிருக்கவில்லை. வளைவில் பஸ் ஒன்று மெதுவாகத் திரும்பியது. அவள் அதைப் பார்த்தாள். பஸ் மறைந்த பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கண் நழுவியது. நான் கமராவைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தபடியே தண்டை முழுவதும் தள்ளினேன். விட்டேன். மறுபடி தள்ளினேன்.

கமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கினேன். இரண்டு கண்ணிலும் வாசல் வெளிச்சம் வெள்ளைப் புள்ளியாக விழுந்திருந்தது. வலது கண்ணில் அது கருமணியின் நடுவில் இருந்தது. இடது கண்ணில், கருமணி வெளியே நழுவியிருந்ததால், மூக்குப் பக்கமாக ஒதுங்கியிருந்தது. வேறு எந்தச் சாட்சியும் வேண்டியதில்லை. பாயிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கணவர் வந்ததும் காட்டினேன். ஒரு கணம்தான் பார்த்தார்.

"ஆ, இதா? ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடலாம். கருமணிய கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி வச்சா முடிஞ்சுது. பர்த்டே படத்துலயும் அப்படித்தானே செஞ்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

மகளின் முதல் பிறந்தநாள் படம் சட்டம் போட்டு ஹாலில் தொங்குகிறது. எத்தனை தடவை அதன் முன்னால் நின்றிருப்பேன்! பார், நேராகத்தானே இருக்கிறது, நீதான் வீணாகக் கலங்குகிறாய் என்று எனக்கே புத்தி சொல்லியிருக்கிறேன்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"படத்துல ஒரு மாதிரி இருந்துச்சு. நாலு பேர் பார்க்கிற படம்தானே."

"என்னைப் பயப்படாதன்னீங்க."

"நீ ஏற்கனவே அழுதுக்கிட்டு இருந்த. அம்மாவும் அதிர்ஷ்டம்னு சொன்னாங்க..."

"அதிர்ஷ்டம்னா ஏன் அழிச்சீங்க?"

கோயிலிலிருந்து திரும்பியிருந்த மாமியார் குசினி அடுப்பருகிலிருந்து, "என்னா சத்தம் அங்க?" என்றார்.

"உங்க மகன் உங்க அதிர்ஷ்டத்த அழிச்சிட்டாருங்க, அத்தை. வந்து கேளுங்க."

அந்த வீட்டில் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கமராவை என் பைக்குள் வைத்துக்கொண்டுதான் அன்று படுத்தேன். அவர் அந்தப் படத்தையும் தொட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

டொக்டரிடம் இந்தமுறை கணவரும் வந்தார். டொக்டர் படங்களைப் பார்த்தார். மகளின் கண்களை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தார். இடது கண்ணை மூடியபோது அவள் பேசாமல் இருந்தாள். வலது கண்ணை மூடியதும் கையைத் தட்டிவிட்டு வீறிட்டாள்.

"இடது கண்ணைப் பாவிக்காம விட்டுக்கிட்டு வாறா. வலது கண்ணுக்கு ஒட்டுப் போட்டு மூடி இடதுக்கு வேலை குடுக்கணும். எவ்வளவு பார்வை வரும்னு இப்ப சொல்ல ஏலாது. எப்ப இருந்து இப்படி?"

"பிறந்தநாளுக்கு முன்னாலயே" என்றேன். கணவர் தரையைப் பார்த்தார்.

இப்போது தினமும் ஒட்டுப் போடுகிறேன். பிய்த்து எறிகிறாள். மறுபடி ஒட்டுகிறேன். அழுகிற பிள்ளையின் கைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, இந்தக் கோபமெல்லாம் எங்கே போய் முடியும் என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். முன்பே கத்தியிருக்கலாமா? அவரோடு வாழ்ந்துகொண்டே இதை எப்படி மறப்பது?

போன வாரம் யட்டவத்தையில் உறவுக் கல்யாணம். குடும்பப் படத்துக்கு எல்லோரும் வரிசையாக நின்றோம், மகள் ஒட்டோடு என் இடுப்பில். கமராவுக்குப் பின்னால் கணவர்.

"நல்ல கண்ண மூடி வச்சிக்கிட்டு... சனம் என்ன நெனைக்கும்?" என்று மாமியார் என் காதில் முணுமுணுத்தார்.

கணவர் கமராவுக்கு மேலாகத் தலையை நீட்டி, "ஒரு நிமிஷம் கழட்டும்மா. எடுத்துட்டு ஒட்டிக்கலாம்" என்றார்.

ஒரு நிமிடத்தில் ஒன்றும் ஆகிவிடாது. அது எனக்கும் தெரியும். கை ஒட்டின் ஓரம்வரை போனது. கையை இறக்கிக்கொண்டேன்.

"எடுக்கிறதுன்னா இப்படியே எடுங்க. எடுத்த பிறகும் தொடாதீங்க."

அவர் நெடுநேரம் கமராவுக்குள் பார்த்தார். பிறகு அழுத்தினார்.

அந்தப் படத்தை அவர் இன்னும் எனக்கு அனுப்பவில்லை. தினமும் கேட்கிறேன்.