கழுதைக்கு நட்ட சிலுவை

உலகத்திலேயே ஒரு கழுதைக்கு அடக்கப் பூசை வைத்த ஒரே குருவானவர் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. அம்மா கோயிலுக்குப் போகும்போது தலையில் போடும் வெள்ளைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலின் மூடியில் ஓட்டை குத்தித் தீர்த்தம் தெளித்து, செத்தவர்களுக்கான செபத்தில் பாதியைச் சொன்னேன். மற்றப் பாதி ஞாபகம் வரவில்லை. சாப்பாட்டுக்கு முன் சொல்லும் செபத்தைப் போட்டு ஒப்பேற்றினேன். என் மூளை வளர்ந்த வரலாற்றை யாராவது எழுதினால் இந்த இடத்தில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டுவிடலாம்.

பூசை நடந்தது சித்தப்பாவின் ஹோட்டலின் பின் வளவில். சண்டை முடிந்து சில வருடங்களில் கட்டாரிலிருந்து திரும்பி வந்த சித்தப்பா, தலைமன்னார் வீதியில் ஒரு காணி வாங்கினார். சண்டைக் காலத்தில் முள்ளுக்கம்பிக்குள் இருந்த காணி அது. உள்ளே யார் இருந்தார்கள், என்ன நடந்தது என்று கேட்டால் பெரியவர்கள் உடனே அன்றைக்கு வலையில் பட்ட மீன்பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். சித்தப்பாவும் கேட்கவில்லை. "கட்டடத்தை எங்கையும் கட்டலாமடா. இடம்தான் முக்கியம்" என்பார்.

சுவர் எழும்பும்போதே எனக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது. விருந்தினர் வந்து இறங்கியதும் நான் முன்னால் நின்று ஒப்புவிக்க வேண்டும். மேற்கே போனால் பழைய இறங்குதுறை, வெளிச்சவீடு, வள்ளம் பிடித்தால் மணல் திட்டுகள். கிழக்கே போனால் ஒரு வீட்டளவு தடித்த பெருக்கமரம், கோட்டை. தீவை விட்டுப் பாலம் தாண்டினால் திருக்கேதீஸ்வரம் கோயில். பருவத்தில் வந்தால் பூநாரை பார்க்கலாம். பருவம் தப்பினால் கழுதை பார்க்கலாம். வீதியில் படுத்திருக்கும் எங்கள் ஊர்க் கழுதைகளுக்குப் பருவமும் கிடையாது, பஸ்ஸுக்குப் பயமும் கிடையாது. கடல் தெரியுமா என்று கேட்டால் ஓம் என்று சொல்ல வேண்டும். தண்ணீர்த் தாங்கியின் மேல் ஏறி நின்றால்தான் தெரியும் என்பதை, வற்புறுத்திக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும்.

ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழா. அதற்கு வரும் சனத்தில் கொஞ்சம் மன்னாரைச் சுற்றிப் பார்க்கவும் வரும், அதற்குள் திறந்துவிட வேண்டும் என்று சித்தப்பா ஒற்றைக் காலில் நின்றார். சித்தியின் நகையெல்லாம் அந்தச் சுவர்களுக்குள் போயிருந்தது. திறக்காவிட்டால் குடும்பமே தெருவில்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, மலசலகூடக் குழி வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். இடுப்பளவு ஆழத்தில், மணலுக்குள் எலும்புகள். அவர்கள் மேலே ஏறி, தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சித்தப்பா வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணை, இதைச் சொல்லத்தானே வேணும்?" என்றார் இருவரில் மூத்தவர்.

"சொன்னா பொலிஸ் வரும், நீதவான் வருவார், சுத்திவர மஞ்சள் நாடா கட்டி மூடிப்போட்டுப் போயிடுவினம். பிறகு நான் எந்தக் காலம் திறக்கிறது?"

அப்போதுதான் அவர் என்னைக் கண்டார். "கழுதையடா" என்றார். "பழைய கழுதை. மூடுங்கோ, மூடுங்கோ. அங்காலை வேறை இடத்திலை வெட்டுவம்."

துருப்பிடித்த வளையத்தோடு ஒரு பட்டியும் மணலில் கிடந்தது. கழுதைக்கு எதற்கு பெல்ட் என்று கேட்டேன். முந்திக் கழுதையில் சாமான் ஏற்றினார்கள், அந்தப் பட்டி என்றார் சித்தப்பா. எனக்குப் பூரண திருப்தி. ஒரு கழுதைக்காக நீதவானே வருவார் என்பதைக்கூட நான் சந்தேகிக்கவில்லை. சித்தப்பாவின் காணியில் செத்த கழுதை, கொஞ்சம் மதிப்பான கழுதையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்பாரில்லாமல் கிடக்கிறதே என்ற இரக்கத்தில் அன்று பின்னேரமே பூசையை வைத்தேன். பனை மட்டை இரண்டைக் கயிற்றால் கட்டிச் சிலுவையும் நட்டேன். சித்தப்பா கண்டதும் விறுவிறென்று வந்து என் பிடரியில் ஒன்று வைத்தார். பிறகு சிலுவையைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது. பெரிய வெள்ளியில் எங்கள் கோயிலில் முன்னால் சிலுவை சுமப்பவர் அவர். நட்ட சிலுவையைப் பிடுங்க எங்கள் ஊரில் யாருக்கும் கை வராது. வீதி அகலிக்க வந்த இயந்திரமே சந்திச் சிலுவையைச் சுற்றிக்கொண்டு போனது. சித்தப்பா கையை எடுத்தார். தன் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆவணிக்கு முன் ஹோட்டலைத் திறந்தார்கள். பின்பக்கத்து அறையில் தங்கியவர்கள் யன்னலைத் திறந்ததும் சிலுவையைப் பார்த்து, அது என்ன என்று கேட்டார்கள். சித்தப்பா சாவியைத் தேடுவதுபோல மேசைக்குள் தலையை விட்டார். எனக்கு எப்போதுதான் வாய் வராமல் இருந்தது? கழுதையின் கல்லறை என்றேன், நான் வைத்த பூசையையும் நடித்துக் காட்டினேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து கோட்டை, பெருக்கமரம், பூநாரை என்ற வரிசையில் அதுவும் ஒரு பார்க்க வேண்டிய இடமாகிவிட்டது. இணையத்தில் யாரோ ஏற்றிய படம் இன்றைக்கும் இருக்கிறது. சிலுவைக்குப் பக்கத்தில் எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு நான்.

மழை தொடங்குவதற்கு முன், பாலத்துக்கு அப்பால் உள்ள அடம்பனிலிருந்து ஓர் அம்மா வேலை கேட்டு வந்தார். குழி வெட்டிய மூத்தவரும் அதே ஊர்தான். வயலும் மாடும் உள்ள சைவக் குடும்பம். கட்டில் விரிப்புத் தோய்ப்பதற்காகத் தீவுக்கு பஸ் மாறி மாறி வரவேண்டிய தேவை அவருக்கு இல்லை. ஆள் வேண்டாம் என்று சொல்லத்தான் சித்தப்பா வாயைத் திறந்தார்.

"என்ரை மகனை இந்த றோட்டிலைதான் பஸ்ஸை மறிச்சு இறக்கினவையாம்" என்றார் அந்த அம்மா. "அதுக்குப் பிறகு ஒருத்தரும் காணேல்லை. பொலிஸ், கச்சேரி எண்டு கேக்காத கந்தோர் இல்லை. எனக்குச் சம்பளம் பெரிசில்லை. பின் வளவிலை வேலை தந்தாச் சரி."

"நாளைக்கே வாங்கோ" என்றார் சித்தப்பா.

அதன் பிறகு சித்தப்பா பின் வளவுப் பக்கம் போனதே இல்லை. தண்ணீர் மோட்டார் பழுதானாலும் என்னைத்தான் அனுப்புவார். அந்த அம்மா வரும் நேரம் சந்தைக்குக் கிளம்பிவிடுவார். அந்த அம்மாவின் வாய்க்குப் பயந்து ஓடுகிறார் என்று நான் சித்தியிடம் பகிடி விட்டேன். சித்தி சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அந்த அம்மா பேசி நான் கேட்டதே குறைவு. காலையில் வந்ததும் கைகால் கழுவி, சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த பூவைச் சிலுவையடியில் வைப்பார். கற்பூரம் கொளுத்துவார். அதன் பிறகுதான் தோய்க்கக் குந்துவார்.

ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த கூட்டமொன்றைப் படமெடுக்கப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். வழக்கம்போலப் பூசையை நடித்தேன். அவர்கள் கழுதை மாதிரிக் கத்திச் சிரித்தார்கள். அந்த அம்மா ஈர விரிப்பொன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அவர்களுக்கும் சிலுவைக்கும் நடுவில் அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நின்றார். அவர்கள் போகும்வரை நின்றார். துணி காய வைக்கிறார் என்று நினைத்தேன்.

எனக்கு அவர்மேல் பெரிய பரிதாபம் வந்துவிட்டது. இவ்வளவு வயதான மனுசி ஏமாந்துபோய்க் கற்பூரத்தை வீணாக்குகிறாரே, எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இல்லையே என்று நானே கிட்டப் போனேன்.

"அன்ரி, உங்களுக்கு ஆரோ பிழையாச் சொல்லிப்போட்டினம். உதுக்குள்ளை இருக்கிறது கழுதை. சித்தப்பாதான் சொன்னவர்."

அவர் விரிப்பை முறுக்கிப் பிழிந்தார். தண்ணீர் முழுவதும் வடியும்வரை பிழிந்தார்.

"அதை உன்ரை சித்தப்பாவை வந்து சொல்லச் சொல்லு."