சுற்றறிக்கையின் கடைசி வரி

1. கிணறு

1991 ஐப்பசி. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, அதில் முதல்வர் அலுவலகத்து டைப்பிஸ்ட் நான். பென்னலூரிலிருந்து சைக்கிளில் போவேன். அன்று காலை நனைந்த குடையை மூலையில் சாய்ப்பதற்குள் ஹாஸ்டல் வார்டன் ஓடி வந்தார்.

"மேடம், சார் வந்துட்டாரா? பதினோரு பசங்களுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாயிட்டுது!"

தொடர் மழையில் ஹாஸ்டல் கிணற்றில் சாக்கடைத் தண்ணீர் கலந்துவிட்டது. அவர்களில் பத்துப் பேர் உள்ளூர் மருத்துவமனையில் தெம்பாகத்தான் இருந்தார்கள். மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு பாஸ்கருக்கு மட்டும் நினைவு தப்பிக்கொண்டே இருந்தது. அவனைக் கல்லூரி வேனிலேயே மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள்.

எங்கள் முதல்வர் ஞானசேகரன் சார், அரசுக் கல்லூரியில் ஓய்வு பெற்று வந்தவர். முதல்வரான பிறகும் சட்டைக் கையில் சாக்பீஸ் தூள் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். கல்லூரியின் தாளாளர் அவரை போனில் பிடித்தார். குரல் என் மேஜை வரைக்கும் கேட்டது.

"கிணத்தப் பத்தி ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது சார். அடுத்த வருஷம் எவன் வந்து சேருவான்?"

சார் என் முகத்தைப் பார்க்காமல் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். 'சில மாணவர்களுக்குச் சிறு உடல்நலக் குறைவு ஏற்பட்டுள்ளது. வதந்திகளை நம்ப வேண்டாம்.' அதற்குக் கீழே வழக்கமான வரியை நானே சேர்த்தேன்: 'மீறுவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.'

அந்த வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லுங்கியோடு மெஸ்ஸுக்கு வரக் கூடாது, மொட்டை மாடியில் கிரிக்கெட் ஆடக் கூடாது என்று எந்த ஹாஸ்டல் அறிவிப்பானாலும் அதில்தான் முடியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "கடைசி வரி போட்டுக்கம்மா" என்பார் சார். பிறகு அதையும் சொல்வதில்லை. மூளையைக் கேட்காமலே விரல் அடித்துவிடும். சுத்தமான டைப்பிஸ்ட் என்று எனக்குப் பெயர் வேறு. தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

2. "பாஸ்கரு போயிட்டானாம்"

அந்த நாளில் சுற்றறிக்கை என்றால் ஸ்டென்சில் தாளில் அடித்து, சைக்ளோஸ்டைல் மெஷினில் ஓட்ட வேண்டும். அட்டெண்டர் ஏழுமலை அதை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோவார், ஆசிரியர் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். மறுநாள் காலை மிச்ச வகுப்புகளையும் சுற்றி முடித்து ஏழுமலை வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"சார், பசங்க எவனும் நம்பல. பாஸ்கரு போயிட்டானாம், ஆபீஸ்ல மறைக்கிறாங்கன்னு பேசிக்கினு கீறானுங்க. அந்தக் கெணத்துத் தண்ணியத்தான் இன்னும் மெஸ்ஸுல ஊத்தறாங்க சார்."

கடைசியாகச் சொன்னதுதான் சாரை உலுக்கியது. கிணற்றைப் பற்றி வாய் திறக்காததால், அதை மூடச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. நேரே போய் மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"இன்னொன்னு எழுதும்மா. தாளாளர் கேட்டா நான் பேசிக்கிறேன்."

இந்த முறை என் முகத்தைப் பார்த்தே சொன்னார். ஹாஸ்டல் கிணறு கெட்டுவிட்டது. இதை முதலிலேயே சொல்லாதது தவறு. பாஸ்கர் உயிரோடு இருக்கிறான், ஆபத்து நீங்கவில்லை. இனி டேங்கர் தண்ணீர், அதையும் காய்ச்சித்தான் தருவோம். வீட்டுக்குப் போக விரும்புவோர் போகலாம், தேர்வைப் பிறகு எழுதலாம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணோடு அடித்தேன். சாரும் அவசரத்தில் கீழே கையெழுத்துப் போட்டார். ஏழுமலை வாங்கிக்கொண்டு ஓடினார்.

3. அந்த அப்பா

அரை மணி நேரத்தில் வகுப்புகள் காலி. மொத்தப் பிள்ளைகளும் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்து கூச்சல் போட்டார்கள். உண்மையைச் சொன்ன பிறகும் ஏன் இப்படி என்று எங்களுக்கு விளங்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். பாஸ்கரின் அப்பா. தந்தி கிடைத்து ராத்திரியே கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தவர், நேரே கல்லூரியில் இறங்கியிருக்கிறார். பையன்கள் யாரோ கொடுத்த சுற்றறிக்கை அவர் கையில் இருந்தது.

"ஏன்யா, எம்புள்ள சாகக் கெடக்கான். வீட்டுக்குப் போறவன் போலாம்னு சொல்லுதிய, கீழயே நடவடிக்கைன்னும் போட்டிருக்கிய. சீக்குல கெடக்கவனுக்குமா நடவடிக்கை?"

சார் தாளை வாங்கிப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். அடியில் என் வரி, ஒரு பிசிறில்லாமல், அழகாக விழுந்திருந்தது.

"சார், அது நான்தான்..." என்று எழுந்தேன்.

"உக்காரும்மா. கையெழுத்து என்னுது."

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டு, அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தார். "ஐயா, இது என் தப்பு. மன்னிச்சுக்குங்க. கிணறும் என் தப்புதான். வேன் நிக்குது, இப்பவே உங்க பையன்கிட்ட போலாம்." பிறகு வாசலுக்குப் போய்ப் பிள்ளைகளிடமும் அதையே சொன்னார். டைப்பிஸ்ட் என்ற பேச்சே எடுக்கவில்லை. நான் அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன்.

பையன்கள் உடனே சமாதானமாகிவிடவில்லை. "நாளைக்கு என்ன சொல்லுவீங்க சார்?" என்று கத்தினான் ஒருவன்.

"நாளைக்கு நாலரைக்கு மெஸ் வாசல்ல வந்து சொல்றேன். தெரிஞ்சதைச் சொல்றேன், தெரியலன்னா தெரியலன்னு சொல்றேன்."

4. நாலரை மணி

தினமும் நாலு மணிக்கு மெட்ராஸ் மருத்துவமனைக்கு போன் போட்டுத் தருவது என் வேலை. நாலரைக்கு சார் மெஸ் வாசலில் நிற்பார். முதல் நாள், "ஜுரம் எறங்கல." இரண்டாம் நாள், "கண்ணைத் தொறந்தான், அப்பாவை அடையாளம் தெரியல." மூன்றாம் நாள் லைன் கிடைக்கவே இல்லை. இன்று போக மாட்டார் என்று நினைத்தேன். போனார். "இன்னிக்கு ஒண்ணும் தெரியல," என்று சொல்லிவிட்டு, அவர்களோடு உட்கார்ந்து காய்ச்சின தண்ணீர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்தார். அன்றிலிருந்துதான் வதந்தி நின்றது என்பார் ஏழுமலை. ஊருக்குப் போகப் பெட்டி கட்டியவர்களில் பாதிப் பேர் பெட்டியைப் பிரித்தார்கள்.

ஒன்பதாம் நாள் போனில் பாஸ்கரின் அப்பாவே பேசினார். "ரெண்டு இட்லி தின்னுட்டாம்மா. மூணாவது கேக்கான்." நான் கத்திய கத்தலில் சார் செருப்புப் போடாமலே மெஸ்ஸுக்கு ஓடினார்.

5. கடைசியாக ஒரு சுற்றறிக்கை

கிணற்றைப் பற்றி எழுதியதைத் தாளாளர் மன்னிக்கவில்லை. அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் சாருக்குப் பதவி நீட்டிப்பு கொடுக்கவில்லை. பிரிவு உபசாரக் கூட்டத்துக்கான அறிவிப்பை நான்தான் அடித்தேன்.

இன்று ஒரே தட்டலில் ஆயிரம் பேருக்குச் செய்தி அனுப்பும் கல்லூரி அலுவலகப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பழைய அறிவிப்பை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள். அனுப்புவதற்கு முன், பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஒரு அப்பா எதிரே நிற்கிறார் என்று நினைத்துக் கடைசி வரி வரைக்கும் வாய்விட்டுப் படியுங்கள். ஓய்வு பெறும் நாள் வரை நான் அப்படித்தான் படித்தேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள்.

சார் அந்தப் பிரிவு உபசார அறிவிப்பை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தலைப்பிலிருந்து மெதுவாக, சத்தமாக வாசித்தார். முடித்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"ஏம்மா, கூட்டத்துக்கு வராதவங்க மேல நடவடிக்கை ஒண்ணும் இல்லையா?"

"இல்ல சார்."

"அப்ப யாரும் வர மாட்டாங்களே."

அன்று மண்டபத்தில் உட்கார இடமில்லை. முதல் வரிசையில், இன்னும் கொஞ்சம் இளைத்த உடம்போடு, பாஸ்கர் இருந்தான்.