இரண்டு மருந்தும் இல்லாத காடு

காலையில் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு அடுப்பில் பாலை வைத்த நேரம். கைப்பேசி அடித்தது. ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே இருந்து ஜெயா பேசினாள், பேச்சியம்மாள் அக்காவின் மருமகள். "சித்தி, அத்தை போயிட்டாக" என்றாள்.

வெடி விபத்துக்குப் பழகிப்போன எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி வந்தால் அடுத்து வாயில் வருகிற கேள்வி ஒன்றுதான். அக்கா பட்டாசுக் கம்பெனிக்குப் போவதை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதையே கேட்டேன்.

"எந்தக் கம்பெனியிலம்மா?"

"கம்பெனி இல்ல சித்தி, வீட்லதான். கம்மங்கஞ்சி குடிச்சிட்டுப் படுத்தாக. விடிய எழுப்பப் போனா, அப்படியே கிடக்காக."

அழுகைக்கு முன்னால் எனக்குப் பெருமூச்சுதான் வந்தது. வீட்டில்தானா, மாரியாத்தா என்று கையெடுத்துக் கும்பிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஒருவர் இறந்த செய்திக்கு இப்படி நிம்மதிப்படுவதை வெளியூர்க்காரர்கள் தப்பாக நினைக்கலாம். உங்களுக்குப் புரியும். "முகம் பாக்கிற மாதிரி போயிரணும் தாயி, எனக்கு அது போதும்" என்று அக்காவே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். போய்ப் பார்த்தேன். நெற்றி நிறையத் திருநீறு. ஏதோ பதில் சொல்ல வாயெடுத்து, சரி போகட்டும் என்று விட்டுவிட்ட மாதிரி ஒரு முகம். கேட்டது கிடைத்துவிட்டது அவருக்கு.

நம் இயற்கை விளைபொருள் மாதச் சந்தையில் அவரிடம் குதிரைவாலியும் பாசிப்பயறும் வாங்கியவர்களுக்கும், வேன் ஏறி அவருடைய மானாவாரிக் காட்டைப் பார்க்க வந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சந்தையின் வரவு செலவைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழகாதவள் நான். படிப்பு பாதியில் நின்று, அச்சகத்தில் மிஞ்சிய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிப் பழகிய கை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவை முதலில் பார்த்தது சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாம் சந்தை போட்ட அன்றைக்கு. அரைச் சாக்குப் பாசிப்பயறோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஒரு அம்மா பயறைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "வண்டு இருக்கே" என்று முகம் சுளித்தார். "வண்டுக்கே பிடிச்சிருக்கு, உங்களுக்குப் பிடிக்கலையாக்கும்?" என்றார் அக்கா. அந்த அம்மா சிரித்துவிட்டார், வாங்கவில்லை. நான் வாங்கினேன். வெயிலில் காயவைத்துப் புடைத்தால் தீர்ந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு விவசாயம் அவ்வளவாகத் தெரியாது. பிறந்தது கூலி வேலை செய்கிற வீடு. பாவாடை கட்டும் வயதிலிருந்தே கம்பெனி வேன்தான். பக்கத்து அறையில் வேலை பார்த்த தோழி ஒருத்தி வெடி விபத்தில் போன பிறகு, இனி இந்தப் படி ஏற மாட்டேன் என்று வந்துவிட்டார். வீட்டுக்காரர் விட்டுப்போன கரிசல் நிலம் வேலிக்கருவை மண்டிக் கிடந்தது. அதை வெட்டித் திருத்தி விதைத்தார். முதல் வருடம் மழைக்குப் பிந்தி விதைத்து, முளைத்ததெல்லாம் கருகியது. அந்தக் கதையைச் சந்தையில் எல்லோர் முன்னாலும் மைக் பிடித்துச் சிரித்துக்கொண்டே சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய காட்டுக்கு நான் முதலில் போனது நினைவிருக்கிறது. வரப்பில் நின்று குனிந்தார். உள்ளங்கையை மண்ணில் அழுத்தி எடுத்துவிட்டு உள்ளே இறங்கினார். எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. நானும் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பூமாதேவியக் கும்பிட்டுத்தான் இறங்குவீகளாக்கா?" என்று கேட்டேன்.

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பூமாதேவியா? தகடுல்ல தாயி அது!"

கம்பெனியில் மருந்து அறை வாசலில் ஒரு செப்புத் தகடு இருக்கும். உடம்பில் சேர்ந்திருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். "அத்தன வருசமாத் தொட்டுத் தொட்டு நுழைஞ்ச கை. தொடாம எங்கன நுழைஞ்சாலும் வெடிச்சிரும்னு தோணுது, சொந்தக் காடா இருந்தாலும்" என்றார். நான் அசடு வழிய நின்றதைப் பார்த்து, "நீ சாமின்னு தொடு. நான் தகடுன்னு தொடுதேன். மண்ணுக்கு வித்தியாசம் தெரியவா போகுது?" என்று என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு காடு பார்க்க வருகிற எல்லோரையும் அவர் அப்படித்தான் உள்ளே விட்டார். தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் வரப்பிலேயே வாங்கிவைத்துவிடுவார். செருப்பைக் கழற்றச் சொல்வார். பிறகு, "தகட்டத் தொட்டுட்டு உள்ள வாங்க." மதுரையிலிருந்து வந்த ஒருவர் இதெல்லாம் இயற்கை விவசாயத்தில் ஒரு முறையா என்று பவ்வியமாகக் கேட்டார். "ஆமாய்யா, எங்க ஊரு முறை" என்றார் அக்கா. சிரிப்பை அடக்க நான் வேப்பமரத்துப் பக்கம் போய்விட்டேன்.

சந்தைக்காரர்களோடு வேனில் போன முதல் பயணம் என்றால் போர்டைச் சொல்லாமல் முடியாது. பூச்சிக்கொல்லி தெளிக்காத நிலம் என்று வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று, அக்கா ஒரு தகரத்தில் பெயின்ட்டில் எழுதி வண்டிப்பாதை முகப்பில் நட்டுவைத்திருந்தார். "இந்தக் காட்டில் மருந்து கிடையாது. இப்படிக்கு பேச்சியம்மாள்." எனக்கும் அதில் குறை தோன்றவில்லை. வேன் வந்து போர்டுக்கு முன்னால் நின்றது, நகரவில்லை.

"என்ன தம்பி?" என்றேன்.

"உள்ள வர மாட்டேன்க்கா. புள்ள குட்டிக்காரன் நான்" என்றார் டிரைவர்.

"அதான் மருந்து இல்லைன்னு எழுதியிருக்கே."

"இல்லைன்னு ஒருத்தர் எழுதிப் போட்டா என்னக்கா அர்த்தம்? உங்க வீட்டு வாசல்ல அப்படி எழுதியிருக்கீகளா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறு ஊராக இருந்தால் அந்த வார்த்தைக்குப் பூச்சி மருந்து என்று பொருள். ஏழாயிரம்பண்ணையில் மருந்து என்றால் வெடிமருந்து. இப்படி ஒரு அறிவிப்பைப் படித்தால், யாரோ காட்டுக்குள் லைசென்ஸ் இல்லாமல் பட்டாசு போடுகிறார்கள், கேட்டால் தப்பிக்கப் போர்டு வைத்திருக்கிறார்கள் என்றுதான் இந்தப் பக்கத்தில் நினைப்பார்கள். எங்களுக்கு முன்னாலேயே யாரோ அப்படி நினைத்து அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் நடந்து போய்ச் சேருவதற்குள் பின்னாலேயே ஜீப் வந்துவிட்டது.

அதிகாரி நல்ல மனிதர்தான். கொட்டகையில் வரிசையாக மூடிவைத்த டிரம்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இதுல என்ன மருந்து?"

"மருந்தே கிடையாதுய்யா. அதான் எழுதிப் போட்டிருக்கேன்ல" என்றார் அக்கா.

"மூடியத் திறங்க."

"திறக்கேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நிற்கவில்லை. சாணியும் கோமியமும் தயிரும் வெல்லமும் பல நாள் ஊறிப் புளித்த பஞ்சகவ்யத்தின் மணம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் வேப்பமரம் வரை போய்விட்டார். "சொன்னேன்லய்யா" என்று அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றைக்கு எங்களோடு உட்கார்ந்து குதிரைவாலிப் பொங்கல் சாப்பிட்டு, போர்டை மாற்றச் சொல்லிவிட்டுப் போனார் அவர். அக்கா மாற்றினார். "இந்தக் காட்டில் ரெண்டு மருந்தும் கிடையாது."

அது வேடிக்கைக்கு எழுதியது அல்ல. அந்த நிலத்தில் பட்டாசு தயாரிக்கும் கொட்டகை, எங்கள் பேச்சில் செட்டு, போட இடம் கேட்டு, ஊரில் ஒருவர் அக்காவின் மகனிடம் வருடா வருடம் பேசிக்கொண்டிருந்தார். மகனுக்கும் மனது அந்தப் பக்கம்தான். மழையை நம்புகிற நிலம், அவனையும் குறை சொல்ல முடியாது. "நான் கண்ண மூடுன மறுநா இங்கன செட்டு எந்திரிச்சிரும் தாயி" என்று அக்கா என்னிடம் மட்டும் சொல்வார். வேறு எதற்கும் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. ரத்தக்கொதிப்புக்கு டாக்டர் மாத்திரை எழுதினபோதுகூட, "காட்டுலதான மருந்து கூடாது, உடம்புல கிடந்துட்டுப் போகட்டும்" என்று வாயில் போட்டுக்கொண்டவர்.

நிலத்தை யாருக்கும் விடக் கூடாது என்று பத்திரம் எழுதிவைத்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. "எழுதி வச்சு மிரட்டுனா எம்புட்டு நாளைக்கு நிக்கும்? எங்க காடுன்னு அவுகளுக்கா தோணணும். தோணாட்டி நான் என்ன செய்ய?"

தோன்றும் என்று நான் நம்பவில்லை. ஜெயாவும் கம்பெனிக்குப் போகிறவள். நாம் வேனில் போய் இறங்கினால், "சோறு திங்க டிக்கெட் போட்டு வாராக, பாரு" என்று நம் காதுபடவே சொல்வாள். அவளுக்கு அது "அத்தை காடு". அத்தை காட்டுக்கு ஆள் வந்திருக்கு, அத்தை காட்டுல மாடு மேயுது, இப்படித்தான் அவள் பேச்சு.

போன வருடம் தீபாவளி முடிந்து கம்பெனிகள் லீவு விட்டிருந்த நேரத்தில் அக்கா ஒரு யோசனை சொன்னார். "எப்பப் பாத்தாலும் டவுன்காரவுகளையே கூட்டிட்டு வாரோம். இந்தத் தடவ கம்பெனிப் பொம்பளைகளக் கூப்பிடுவோம்." எனக்குத் தயக்கம். கூலிக்கு வெயிலில் கிடந்த காட்டை விட்டுக் கம்பெனிக்குப் போனவர்களை, அதே காட்டைப் பார்க்க வாருங்கள் என்று எப்படி அழைப்பது? அழைத்தார். ஜெயாவோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் வந்தார்கள், கேலி பண்ணிக்கொண்டேதான். "ஏளா, களையெடுத்து முதுகொடிஞ்ச காட்டச் சுத்திப் பாக்க இப்ப வேனா!" என்று ஒருத்தி ஆரம்பிக்க ஒரே சிரிப்பு.

வரப்பில் அக்கா, "தகட்டத் தொட்டுட்டு உள்ள வாங்க" என்றார். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. அத்தனை கையும் தானாகக் குனிந்து மண்ணைத் தொட்டது. சிலர் பழக்கத்தில் கம்பெனி வாசல் சோதனைக்குப் போலக் கையைத் தூக்கிக்கொண்டும் நின்றார்கள். அப்புறம்தான் தாங்கள் செய்ததைத் தாங்களே பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

உள்ளே போனதும், பேச்சுப் பேச்சாக இருக்கும்போதே ஒருத்தி குனிந்து ஒரு களையைப் பிடுங்கினாள். அடுத்தவளும் பிடுங்கினாள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் நிரை பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். வேலை ஏவ ஆள் இல்லை, கூலி இல்லை, ஊர்க்கதை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் ஜெயா சமைத்த குதிரைவாலிச் சோறும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும். ஒருத்தி இரண்டாம் முறை வாங்கிக்கொண்டே, "எங்கன வாங்குன அரிசி ஜெயா?" என்று கேட்டாள்.

"வாங்குறதா? எங்க காட்டுல வெளஞ்சது" என்றாள் ஜெயா.

பக்கத்தில் இருந்த அக்கா முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்தார். "கேட்டியா கணக்கு? எழுதிக்கோ" என்றார் மெதுவாக. சாப்பாட்டுக் கணக்கைத்தான் சொல்கிறாரோ என்று நான் இலைகளை எண்ணப் போனேன். "எங்க காடாம்லா" என்றார். அப்புறம்தான் விளங்கியது.

இந்த வருடம் கார்த்திகையில், களையெடுப்பு முடிந்த கையோடு அவர் போய்விட்டார். ஒரு வார்த்தையை நம்பி ஒரு காட்டை விட்டுவிட்டுப் போகிறாரே என்று எனக்கு அடித்துக்கொண்டது. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் நான் அந்த வீட்டில் இருந்தபோது, செட்டுக்கு இடம் கேட்கிற அந்த மனிதர் துக்கம் விசாரிக்க வந்தார். மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, நல்ல மனுசி என்றெல்லாம் சொன்னார். எழுந்திருக்கும்போது, "அப்புறம், அந்த இடத்தப் பத்தி ஒரு முடிவு" என்று இழுத்தார்.

மகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் மனதுக்குள் இருக்கன்குடி மாரியைக் கூப்பிட்டேன். அடுப்படியிலிருந்து ஜெயா வெளியே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணாச்சி, கேதம் கேக்க வந்தீகளா, காடு கேக்க வந்தீகளா?"

துண்டை உதறித் தோளில் போட்டவரை ஜெயா மேலே பேச விடவில்லை.

"கேதம்னா இருந்து காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. காடுன்னா அது இல்ல. குதிரைவாலி நிக்குது அங்கன."

அந்த மனிதர் மகனைப் பார்த்தார். மகன் நிமிர்ந்து, "அதான் அவ சொல்லிட்டாள்ல" என்றான். அவ்வளவுதான். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அக்கா இறந்த அன்றைக்கும் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன். பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி, இந்தம்மாவுக்கு எம்புட்டுப் பாசம் என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். சந்தோசத்தில் அழுகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

தை மாதப் பயணத்தை இந்த முறை விட்டுவிடலாமா என்று ஜெயாவிடம் கேட்டேன். "ஏன் சித்தி, கதிரு முத்தி நிக்கைலதான பாக்க நல்லாருக்கும்?" என்றாள். போனோம். உங்களில் சிலரும் வந்திருந்தீர்கள். போர்டு அப்படியே நின்றது. ரெண்டு மருந்தும் கிடையாது என்ற எழுத்துக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தது, பேச்சியம்மாள் என்ற பெயருக்கும் சேர்த்து.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பூஜை அறைக்குள் போகும் முன் இப்போதெல்லாம் என் கை தானாக வாசல்படியைத் தொடுகிறது. சாமிக்குத் தொடுகிறேனா, தகட்டுக்குத் தொடுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அக்கா சொன்ன மாதிரி, படிக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.

அந்தத் தைப் பயணத்தன்று வேனிலிருந்து இறங்கி நாங்கள் வரப்போரம் தயங்கி நின்றோம். யார் முதலில் இறங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளே கதிருக்கு நடுவிலிருந்து ஜெயா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன நின்னுட்டீக? தகட்டத் தொட்டுட்டு உள்ள வாங்க."