புவனேஸ்வரி கண்டுபிடித்த பிழை

திங்கட்கிழமை காலை கிளிநொச்சியில் எங்கள் அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது புவனேஸ்வரியின் தங்கை அழைத்தார். "அக்கா போயிட்டா அண்ணை. இதயம் நிண்டுட்டுதாம்."

புவனேஸ்வரிக்கு முப்பத்து நான்கு வயது. மலையகத்திலிருந்து வந்து செட்டிகுளத்தில் குடியேறிய குடும்பம். நான் நடத்தும் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் பணியாற்றினார். கடைசி இரண்டு ஆண்டுகளில் சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. வாரத்தில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்க வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போவார். மறுநாள் வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் தட்டச்சு செய்வார்.

சென்ற ஆண்டு, வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு நாங்கள் எழுதிய நிரல், வந்துசேரும் செய்திகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியது. திருத்தாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும், அலுவலகத்தையும் மூடவேண்டியதுதான். கணினிக்குள் ஒரே நேரத்தில் இயங்கும் ஒவ்வொரு செயலிக்கும் (புரொசசர்), எண்ணிக்கையைக் குறித்துவைக்கத் தனித்தனி எண்ணி வைத்திருந்தோம். பிழை எங்கே என்று யாருக்கும் பிடிபடவில்லை. புவனேஸ்வரி மூன்று வாரம் அதோடேயே இருந்து, ஒருநாள் வந்து சொன்னார்.

"நிரல் தான் எந்தச் செயலியில நிக்கிறன் எண்டு பார்க்குது அண்ணை. எண்ணியில எழுதமுன்னம், இயங்குதளத்தின்ர மையமான கேர்னல் அதை நிப்பாட்டி வேற செயலிக்கு மாத்துது. அது தெரியாமல் பழைய எண்ணியிலயே போய் எழுதுது. அந்தச் செயலியில ஓடுற இன்னொண்டும் அதே நேரம் அங்க எழுத, ஒரு கணக்கு அழிஞ்சு போகுது."

"ஒண்டு எழுதி முடிக்குமட்டும் மற்றதுகள் எழுதாமல் பூட்டுப் போடுவமே?"

"போட்டால் எல்லாம் வரிசையில நிக்கும், வேகம் போயிடும். கேர்னலிலயே அதுக்கொரு வழி இருக்கு. 'இந்த நாலு வரிக்குள்ள இடையில நிப்பாட்டினால், திரும்ப முதல் வரியில இருந்து செய்ய விடு' எண்டு முன்னமே சொல்லி வைக்கலாம்."

செய்தார். எண்ணிக்கை சரியாகியது, வேகமும் குறையவில்லை.

காணொளிக் கூட்டத்தில், யார் கண்டுபிடித்தது என்று வாடிக்கையாளர் கேட்டார். "நான்தான் பார்த்தேன்" என்றேன். புவனேஸ்வரி அதே அறையில், கமராவுக்கு அப்பால் இருந்தார்.

கூட்டம் முடிந்ததும், "என்ர பேரை ஒருக்காச் சொல்லியிருக்கலாமே அண்ணை" என்றார்.

"அடுத்த முறை கட்டாயம் சொல்லுறன்."

சொல்லவில்லை. நோயாளியிடம் பொறுப்பு இருப்பது தெரிந்தால் வாடிக்கையாளர் தயங்குவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. அவர் மறுபடி கேட்கவுமில்லை.

செத்தவீட்டில் அவருடைய தந்தையார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்மவ அங்க என்னா வேலைங்க தம்பி செஞ்சா? எங்களுக்கு ஒன்னுமே தெரியாது."

பந்தலில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி அந்தப் பிழையின் கதையைச் சொன்னேன். நான் கண்டுபிடித்ததாக வாடிக்கையாளரிடம் சொன்னதையும் சொன்னேன்.

தந்தையார் கேட்டார்: "இத அவ இருக்கையில ஏன் தம்பி சொல்லல?"

அவர் கோபப்படவில்லை. கையை விட்டுவிட்டு, மகளின் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, நெற்றியில் மொய்த்த ஈக்களைச் சால்வையால் விரட்டினார்.

புவனேஸ்வரி, அந்த வேலை முழுவதும் உங்களுடையது. மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கில்லை. அமைதியாக உறங்குங்கள், தங்கச்சி.