காற்றுக் குழாயில் கிடந்த சாரம்

இதைக் கணினியில் ஏற்றப்போகும் பிள்ளையிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து வரியில் நிற்காது; ரகரமும் றகரமும் தங்கள் விருப்பப்படி வந்து விழும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. பிழைகளைத் திருத்திவிடு மகளே. நடந்ததை மட்டும் திருத்தாதே.

தாஸ் அண்ணையின் மகள்தான் கேட்டாள். தகப்பனின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். "அங்கிள், அப்பாவோட பேஸ்மென்ற்ல இருந்த ஆள் நீங்கள்தானே. ஏதும் ஃபனி ஸ்டோரி எழுதித் தாங்கோ" என்றாள். கோடை முழுவதும் கடத்தினேன். போன வியாழக்கிழமை, வீட்டைச் சூடாக்கும் பொயிலரைப் பார்க்கிறவர் வந்து போன பிறகுதான் பேனையைத் தேடினேன்.

வருடத்தில் ஒரு தடவை, குளிர் இறுகுவதற்கு முன் அவர் வருவார். பழைய பொயிலர் இருந்த காலத்தில் அரை நாள் வேலை. நெருப்பெரியும் பேணர்களைக் கழற்றித் தூரிகையால் தட்டுவார், கரியை உறிஞ்சி எடுப்பார், தரையில் படுத்துச் சுவாலையைப் பார்ப்பார். நான் தேத்தண்ணியோடு பக்கத்தில் நிற்பேன். போன வருடம் மாற்றிய புதியது, சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டி. குசினி அலுமாரி என்று நினைத்து என் மனைவியின் தங்கை ஒரு தடவை திறக்கப் பார்த்தாள். இம்முறை அவர் புகைக்குழாயில் ஒரு கம்பியைச் செருகினார், கையிலிருந்த மீற்றரில் இலக்கம் பார்த்தார், ஒரு சின்னக் கிண்ணத்தைக் கழுவிப் பூட்டினார். முடிந்தது. தேத்தண்ணி ஆறவேயில்லை.

"காற்றுக் குழாய் பார்க்கவில்லையா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு சுவரைக் காட்டினார். வெளிக்காற்று வந்த ஓட்டையைப் போன வருடமே சிமெந்தால் பூசிவிட்டார்கள். இந்தப் பொயிலர் தனக்கு வேண்டிய காற்றைத் தன் குழாயாலேயே எடுத்துக்கொள்ளுமாம். அந்த வட்டச் சிமெந்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வருடா வருடம் அவர் வருவதற்கு முன்பே நான் ரோர்ச் அடித்துப் பார்த்துவந்த இடம் அது. ஏன் பார்த்தேன் என்று மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

அவர் போகும்போது சூட்டைத் திறந்துவிட்டுப் போனார். றேடியேற்றரில் கோடை முழுவதும் படிந்த தூசி வேகிற மணம் எழும்பியது. மற்றவர்கள் யன்னலைத் திறப்பார்கள். எனக்கு அது நாலு ஆண்களின் உடுப்புக் காய்கிற மணம்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற், அதாவது நிலத்தடித் தளம். மேலே வீட்டுக்காரர், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். கீழே நாங்கள் நாலு பேர். மற்ற மூவரும் பெரிய அறையில். கடைசியாக வந்த என் கட்டில் பொயிலர் அறையை ஒட்டி. பொயிலரின் சூட்டுக் குழாய்களில்தான் இடுப்பில் கட்டும் சாரம், காலுறை எல்லாம் தொங்கும். நான் உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றுவிட்டு வந்தால், அந்த அறையின் சுவரிலிருந்து ஒரு தகரக் குழாய் ஐஸ் காற்றை என் காலடியில் ஊதிக்கொண்டிருக்கும். வெளிக் குளிரை வீட்டுக்குள் விடுவதற்கென்று ஒருவன் குழாய் பூட்டுவானா? பழைய ஓட்டை, அடைக்க மறந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன். என்னிடம் இருந்தது இரண்டு சாரம். அதில் ஒன்றைச் சுருட்டித் திணித்தேன்.

அறை சுகமாகிவிட்டது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அந்தக் கிழமை எல்லோருக்கும் தலையிடி. தாஸ் அண்ணையின் மீன் குழம்புதான் காரணம் என்று அவரைச் சமையலிலிருந்து நீக்கினோம்.

சனிக்கிழமை பொயிலர் பார்க்க ஒருவர் வந்தார். நீலமாக இருக்க வேண்டிய சுவாலை மஞ்சளாக ஆடியது. குழாய்க்குள் கையை விட்டுச் சாரத்தை இழுத்து எடுத்தார். அவருடைய ஆங்கிலம் எனக்கு விளங்கவில்லை. இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துத் தூங்குவதுபோலக் காட்டி, பிறகு தலையை மெதுவாக ஆட்டினார். அது விளங்கியது: காற்றில்லாமல் பொயிலர் கக்கிய நச்சுப் புகையில் தூங்கினால் எழும்பமாட்டோம்.

மேலேயிருந்து ஓடிவந்த வீட்டுக்காரர் சாரத்தைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தார். "ஆர் உதைச் செய்தது? மேல ரெண்டு குஞ்சுகள் படுக்குதுகள்! சொல்லுங்கோ, இல்லாட்டி நாலு பேரும் இண்டைக்கே வெளிக்கிடுங்கோ!"

நான் குழாயில் காய்ந்த காலுறைகளைத் திருப்பிப்போடத் தொடங்கினேன்.

"நான்தான் அண்ணை" என்றார் தாஸ் அண்ணை. "குளிர் தாங்கேலாமல் அடைச்சுப்போட்டன்."

"மன்னார் வெயிலில மூளை காய்ஞ்சு போச்சோ உனக்கு?"

"விடுங்கோப்பா, பிள்ளையளுக்கு ஒண்டுமில்லைத்தானே" என்று அவருடைய மனைவி படியில் நின்று சொல்லியிராவிட்டால் தாஸ் அண்ணையின் பெட்டி அன்றைக்கே பனியில் கிடந்திருக்கும். தண்டனையாக, சனிக்கிழமை தோறும் அவர் குழாயைப் பார்த்துவிட்டு மேலே சத்தம்போட்டுச் சொல்ல வேண்டும்: "அண்ணை, குழாய் திறந்து கிடக்கு!" மேலேயிருந்த பிள்ளைகள் 'குழாய் மாமா' என்றார்கள். இந்த ஊரில் தாஸ் என்ற பெயரில் எத்தனை பேர்! அடையாளம் வேண்டுமே. அவர் குழாய் தாஸ் ஆனார். கலியாண மண்டபங்களில் அந்தப் பெயர் கேட்கும்போதெல்லாம் நான் கோப்பைக்குள் குனிந்து சோறு பிசைவேன்.

நேற்று அவருக்கு ரெலிபோன் எடுத்தேன். வியாழனிலிருந்து ஒத்திகை பார்த்த வசனம்: "அண்ணை, அந்தக் குழாயை அடைச்சது நான்."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அட விசரா, உன்ர சாரத்தை எனக்குத் தெரியாதே? அயன் பெட்டி சுட்ட ஓட்டை கிடந்தது. மற்ற ரெண்டு பேருக்கும் தெரியும்."

"அப்ப ஏன் அண்ணை..."

"உன்னைக் கலைச்சா நீ எங்கையடா போவாய்? எனக்கு மோர்னிங்சைடில தங்கச்சி இருந்தவள்."

'குழாய்' என்ற அந்தப் பட்டப்பெயரை இனி நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். "போடா, மனிசியே அப்பிடித்தான் கூப்பிடுறாள். தரமாட்டன்" என்றார்.

அந்த வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். தாஸ் அண்ணை அஜக்ஸுக்குப் போய்விட்டார்; மற்ற இருவரும் வேறு வேறு பக்கம். பொயிலர் குழாயில் உடுப்புக் காயப்போடுகிற வீடு எதுவும் இப்போது எனக்குத் தெரியாது. குனிந்து பார்க்க நீலச் சுவாலை இல்லை, ரோர்ச் அடிக்க ஓட்டையும் இல்லை. அன்று வீட்டுக்காரர் குப்பையில் எறிந்ததை என்னுடையது என்று கேட்டு எடுக்க எனக்கு வழியில்லாமல் போனது. இப்போது கேட்கிறேன் மகளே, மலரில் அப்படியே போடு: பச்சைக் கட்டம் போட்ட அந்தச் சாரம் என்னுடையது.

நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை.