நிலைப்படிக்கு வெளியே வைத்த டிவி

கூகட்பள்ளியில் எங்கள் தெருவில் முதன்முதலாக மூன்று மாடி எழுப்பியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. கோயம்புத்தூரிலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு ரயிலேறி வந்து, பாலாநகர்ச் சந்து ஒன்றில் தகரம் வெட்டும் கூலியாக நுழைந்து, அதே சந்தில் சொந்தப் பட்டறை போட்டவன். மாதாப்பூர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிய காலம் அது. இஞ்சினியர்கள் படம் வரைந்து கொண்டுவருவார்கள். எந்த இடத்தில் மடங்காது, எந்த இடத்தில் பிளக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். கம்ப்யூட்டர் வயர்களைத் தாங்கிக்கொண்டு அந்தக் கட்டடங்களின் கூரைக்குள் ஓடும் தகரத் தட்டுகளில் என் கை படாதது குறைவு. இதை நானே சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

என் மனைவியின் தம்பியையும் ஊரிலிருந்து நான்தான் வரவழைத்தேன். வெல்டிங் நானே கற்றுக்கொடுத்தேன். கை சுத்தமான வேலைக்காரன். வீடு கட்டியபோது கேட், ஜன்னல் கம்பி, மாடிக் கைப்பிடி எல்லாம் அவன்தான் வெயிலில் நின்று பற்றவைத்தான். இன்றுவரை ஒரு பற்று விட்டதில்லை.

கிரகப்பிரவேசத்தன்று பந்தியில் வாயை விட்டுவிட்டேன். ஊரிலிருந்து வந்தவர்கள் வீட்டைப் புகழப் புகழ எனக்குத் தலை கிறுகிறுத்தது. எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவனைக் கைகாட்டி, இவன் போட்டிருக்கிற சட்டைகூட நான் எடுத்துக் கொடுத்தது, நான் இல்லையென்றால் ஊரில் எவன் மாட்டையாவது மேய்த்துக்கொண்டிருப்பான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் இலையை மூடாமல் எழுந்து கை கழுவினான். அவன் அக்காள் பின்னாலேயே ஓடினாள்.

“இனி இந்த நிலைப்படியை மிதிக்க மாட்டேனுங்க அக்கா. உங்களைப் பாக்க வருவேன், வாசலோட” என்றான்.

மறுநாள் பட்டறைக்கும் வரவில்லை. லோத்குண்டா பக்கம் குடிபோய் வேறு பட்டறையில் சேர்ந்துகொண்டான். நானும் சளைத்தவன் இல்லை. அவன் என் வாசலை மிதிக்காதவரை நீயும் அவன் வாசலை மிதிக்கக்கூடாது என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். ஆனால் அடுத்த மாதமே ஹாலில் புழுக்கம், சீரியல் பார்க்க முடியவில்லை, டிவியைச் சிட்-அவுட்டில் வையுங்கள் என்று கேட்டாள். கேட்டுக்கும் நிலைப்படிக்கும் நடுவே, மேலே தளம் போட்டு, இரண்டு பக்கம் திறந்து கிடந்த இடம் அது. எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் தெரியாதவன்போல ஒத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் வைக்க வேண்டிய சாதாரண டிவி, பின்பக்கம் பானைபோல் பிதுங்கிய பழைய மாடல். அதை வெளியே வைத்துப் பார்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. தெருவெளிச்சம் கண்ணாடியில் அடித்து நம் முகம்தான் தெரியும், படம் தெரியாது. தகரத்தில் ஒரு குல்லாய் மடித்து, உள்பக்கம் கறுப்படித்து அதன் தலையில் மாட்டினேன். நாலு சக்கரம் வைத்து ஸ்டாண்டு செய்தேன். சாரல் அடிக்கும் பக்கம் தார்ப்பாய். பின்னால் பல்லி புகாமல் வலை. அப்படியும் மழைக்காலத்தில் படத்தின் ஓரத்தில் பச்சைத் திட்டு விழும். கையால் ஒரு தட்டு தட்டினால் போய்விடும். எந்தக் கம்பெனிக்காரனுக்கும் இந்த வேலை வராது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மத்தியானம் அவன் வந்துவிடுவான். கையில் கொய்யாப்பழப் பை. சிட்-அவுட் வீட்டுக்குள் சேர்த்தி இல்லை என்று அவனாகவே கணக்குப் பண்ணிக்கொண்டான். அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார்கள். பாதி நேரம் டிவியைப் பார்க்கவே மாட்டார்கள். நான் ஹாலில் இருந்தபடி, ஓடுகிற டிவியை யாரும் பார்க்கவில்லையே, கரண்ட் வீண் என்று குரல் கொடுப்பேன்.

எதிர்வீட்டு ரிடையர்டு தெலுங்குக்காரர் ஒருநாள் கேட்டார்.

“ஏமண்டி, இன்ட்லோ சோட்டு லேதா?”

வீட்டில் இடமில்லையா என்று கேலி. என் மச்சினன் வீட்டில் டிவி கிடையாது, பாவம், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று வைத்திருக்கிறேன் என்றேன். அவனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். கையிலிருந்த பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

இப்படி எட்டு வருஷம் ஓடியது. என் மகன் சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து, சுவரில் மாட்டுகிற பெரிய தட்டை டிவி வாங்கி வந்தான். அவன் எங்களோடு தெலுங்கில்தான் பேசுவான். இதை வெளியே வைத்தால் கெட்டுப்போகும் என்று கண்டிப்பாகச் சொன்னான். எனக்கு அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. சனிக்கிழமை பழைய டிவியை, ஓடிக்கொண்டிருந்த டிவியை, குல்லாயோடும் ஸ்டாண்டோடும் பழைய இரும்பு வண்டிக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

“அப்ப அவன் எங்க உக்காருவான்?”

“உள்ள. அவனுக்குக் காலு இல்லையா?” என்றேன்.

மறுநாள் கிரிக்கெட்டில் பெரிய ஆட்டம். தெருவே வீட்டுக்குள் அடங்கிக் கிடந்தது. மனைவி பின்கட்டுச் சமையலறையில் தம்பிக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டர் வந்து நின்றது. கேட் திறந்தது. அவன் செய்த கேட், சத்தம் வராது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிவி இருந்த மூலையில் தரையில் நாலு சக்கரத் தடம் மட்டும் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.

“உள்ள வா மாப்ள. எட்டு வருசம் வீம்பு போதும். படம் எவ்வளவு பெருசா தெரியுது பாரு.”

“இருக்கட்டுங்க மச்சான். அக்காளை ஒரு நிமிசம் வரச்சொல்லுங்க.”

“அவளுக்கு வேலை கிடக்கு. வேணும்னா நீ உள்ள போய்ப் பாரு.”

நான் இன்னும் கொஞ்சம் சத்தம் வைத்தேன். ஜெயித்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். இன்னும் ஒரு நிமிஷம், செருப்பைக் கழற்றி உள்ளே வந்துவிடுவான், அவன் தலையைத் தடவி எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது கேட் சாத்தியிருந்தது. கொய்யாப்பழப் பையையும் எடுத்துப் போய்விட்டான்.

வடைத் தட்டோடு வந்த மனைவி, இன்னும் வரவில்லையா என்றாள். வரக்காணோம் என்றேன்.

அடுத்த ஞாயிறும் அவன் வரவில்லை. இரண்டு வாரமாக வரவும் இல்லை, ஒரு போன்கூடப் பண்ண மாட்டேன் என்கிறான், அவனே பண்ணட்டும், நானாகப் பண்ண மாட்டேன் என்று இவள் இருந்தாள். அதற்கடுத்த வியாழக்கிழமை, வேலை செய்யும் இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

லோத்குண்டாவில் அவன் வீட்டுக்கு நான் போனது அன்றுதான் முதல் தடவை. ராணுவ நிலத்துச் சுவரை ஒட்டிய சின்ன போர்ஷன். வாசல் குட்டை. குனிந்துதான் போனேன். அவனைக் கிடத்தியிருந்த அறையில், அவன் தலைமாட்டுக்கு மேலே, பலகையில் ஒரு டிவி இருந்தது. நான் சிட்-அவுட்டில் வைத்திருந்ததைவிடப் பெரியது. மேலே பூப்போட்ட துணி மூடியிருந்தது. துணியின் மடிப்பெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவன் பெண்டாட்டியிடம் கேட்டேன். லோத்குண்டா வந்த புதிதில் வாங்கியது, தமிழ் சேனல் எல்லாம் வரும் என்றாள்.

பிறகு அவள் என் மனைவியின் தோளில் விழுந்து அழுதாள்.

“வந்து மூணு தரம் கூப்பிட்டாராமே நங்கையா, நீங்க எட்டிப் பாக்கலையாமே. கொய்யாப்பழம் அப்படியே திரும்பி வந்துச்சு. அக்காளுக்கும் நாம வேண்டாதவங்க ஆயிட்டோம்னு வந்து ரெண்டு நாள் சோறு திங்கலை.”

என் மனைவி அழுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே எதுவும் கேட்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சிட்-அவுட்டில் நின்று கேட்டாள்.

“வரக்காணோம்னு சொன்னீங்க. அவன் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?”

“ஆட்டத்துச் சத்தத்துல எனக்கும் கேக்கலை. வந்ததே தெரியாது” என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. தட்டை டிவி ஓடும்போது ஹாலுக்கு வருவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்காருவாள். நானும் போய் உட்கார்ந்து பார்த்தேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கேட்டது. முதல் தடவை மெதுவாகக் கூப்பிட்டான். இரண்டாவது தடவை கொஞ்சம் உரக்க. மூன்றாவது தடவை, அவனே பற்றவைத்த அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடியே கூப்பிட்டான். அப்போதும் ரிமோட் என் கையில்தான் இருந்தது.