திவான் கேட்ட கேள்வி

டிசி வாங்கத்தான் அன்றைக்குப் பள்ளிக்குப் போனேன். மகளைத் திருநெல்வேலிக்கே திருப்பி அனுப்பி, என் தங்கை வீட்டில் வைத்துப் படிக்கவைப்பது என்று முடிவு செய்திருந்தோம். அவளே கேட்டதுதான். கணவருக்கு ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் வேலை கிடைத்து நாங்கள் கரமனைக்குக் குடிவந்த புதிதில், மலையாளம் பேசும் வகுப்பில் அவள் தமிழில் வாயைத் திறந்தாலே பிள்ளைகள் சிரித்தார்கள். அதோடு மூடிக்கொண்டாள். வீட்டில் என்னை ஒரு வார்த்தை பேச விடாதவள், பள்ளியில் ஆஜர் சொல்லக்கூட கையை மட்டும் தூக்குகிறாளாம். பெற்ற வயிறு எரியாதா?

ஆபீஸ் கிளார்க் டீ குடிக்கப் போயிருந்தார். வராந்தாவில் நின்ற என்னைச் சரித்திர டீச்சர் பிடித்துக்கொண்டார். மாநில விருது வாங்கியவர். விருது வாங்கியவர்கள் மேல் எனக்கு அத்தனை நல்ல அபிப்பிராயம் கிடையாது, பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். இவர், “வரூ, பின்னால இரிக்கூ, க்ளாஸுக்கு ஒரு சாட்சி வேணும்” என்று மட்டும் சொல்லிக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார். ஏற்கெனவே அங்கே இன்னொரு பிள்ளையின் அம்மா இருந்தார்.

அன்றைய பாடம் நாடகமாக நடந்தது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சில சாதிக்காரர்கள் நடக்கக் கூடாது என்றிருந்த காலம். நடக்க விடச் சொல்லி அவர்கள் ராஜாவின் மந்திரியான திவானிடம் மனு கொடுக்கிறார்கள். திவான் நாற்காலியில் என் மகள். மனுவைக் கேட்டால் போதும், பேச வேண்டாம் என்று சொல்லி உட்காரவைத்திருக்கிறார் போல.

ஒரு பெண் எழுந்து மனுவைச் சொன்னாள். “வழி நடக்கான் ஞங்ஙள்க்கும் அவகாசம் வேணம்.”

என் மகள் யோசித்தாள். பிறகு, எனக்கே தூக்கிவாரிப்போட்டது, வாயைத் திறந்து கேட்டாள்: “எத்தனை நாள் வேணும்?”

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எதற்கென்று எனக்கும் புரியவில்லை. சரியாகத்தானே கேட்டாள்? பக்கத்து அம்மா மெல்லச் சொன்ன பிறகுதான் விளங்கியது. நமக்கு அவகாசம் என்றால் கெடு, மலையாளத்தில் அது உரிமை. மகளின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் குனிந்துகொண்டேன். ஒழிந்தது, இனி இந்த ஊரில் ஜென்மத்துக்கும் பேச மாட்டாள் என்று நினைத்தேன்.

டீச்சர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். அவள் சொன்னதைத் திருத்தவில்லை. “அன்னைக்கும் இதுதான் நடந்தது” என்றார். “அவங்க கேட்டது உரிமை. அரண்மனை பேசினது நாள் கணக்கு. கொஞ்சம் பொறு, பார்க்கலாம். அப்படியே வருஷக்கணக்கா ஓடிப்போச்சு. திவான் கேட்டதில என்ன தப்பு? பதில் பறயூ.”

சிரித்துக்கொண்டிருந்த மனுக்காரப் பெண் மறுபடி எழுந்தாள். திணறி, “நாளொன்னும் வேண்டா. இப்போ” என்றாள்.

“இப்போ முடியாது” என்றாள் என் மகள், தமிழிலேயே, நாற்காலியில் நிமிர்ந்து. “இன்னைக்கு உங்களை விட்டா, நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க.”

வகுப்பு கொந்தளித்தது. யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் அவளோடு சண்டைக்கு நின்றார்கள். என் பெண்ணோடு ஒரு வகுப்பே சண்டை போடுவதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. மணி அடித்ததும், மீதி வெள்ளிக்கிழமை என்றார் டீச்சர்.

வெளியே வந்தோம். கிளார்க் வந்துவிட்டிருந்தார்.

“வாட்டி, டிசிக்கு எழுதிக் குடுத்துட்டுப் போவோம்” என்றேன்.

அவள் நகரவில்லை.

“வெள்ளிக்கிழமை அவங்கல்லாம் பதிலோட வருவாங்கம்மா. நான் ஊருக்குப் போயிட்டா, முடியாதுன்னு சொல்றதுக்கு இங்க யாரு இருக்கா?”